42 மில்லியன் ரிங்கிட்: நஜிப்பை உள்ள தள்ளினது சின்ன கேஸ்தான்

மலேசிய அரசோட முதலீட்டு நிறுவனம் 1எம்டிபில நடந்த ஊழல்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது பில்லியன் கணக்குல டாலர், அதுக்கு மூளைன்னு சொல்லப்பட்ட தொழிலதிபர் ஜோ லோ, சொகுசுக் கப்பல், பிங்க் வைரம், ஹாலிவுட் பார்ட்டி இதெல்லாம்தான். ஆனா மலேசியாவோட முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2022 ஆகஸ்ட் 23-ஆம் தேதி காஜாங் ஜெயிலுக்குப் போனாரே, அந்தக் கேஸ்ல கப்பலும் கிடையாது வைரமும் கிடையாது. மொத்தத் தொகையே 42 மில்லியன் ரிங்கிட், நம்ம கணக்குல 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட். 1எம்டிபில இருந்து சுருட்டப்பட்டதா அமெரிக்க நீதித்துறை சொன்ன 4.5 பில்லியன் டாலர் பக்கத்துல வச்சுப் பாத்தா இது சில்லறை. அந்தச் சில்லறை கேஸை ஏன் முதல்ல எடுத்தாங்க, அது கோர்ட்ல எப்படித் தாக்குப்பிடிச்சுது, நடுவுல மூணு வருஷம் அதை எப்படி அமுக்கி வச்சிருந்தாங்கங்கறதுதான் எனக்கு இந்த மொத்த விவகாரத்துலயே சுவாரசியமான பகுதி.

முதல்ல கம்பெனி. எஸ்ஆர்சி இன்டர்நேஷனல்னு ஒரு நிறுவனம், 2011-ல 1எம்டிபியோட துணை நிறுவனமா ஆரம்பிச்சாங்க, வெளிநாட்டுல எரிசக்தி வளங்கள்ல முதலீடு பண்ணப் போறோம்னு பேச்சு. ஆரம்பிச்ச வருஷமே கேவாப், அதாவது அரசு ஊழியர்களோட ஓய்வூதிய நிதி, 2 பில்லியன் ரிங்கிட் கடன் கொடுக்குது, 2012-ல இன்னொரு 2 பில்லியன். புதுசா முளைச்ச, கையில ஒரு தொழிலும் இல்லாத கம்பெனிக்கு வாத்தியாரும் நர்ஸும் கிளார்க்கும் ரிட்டையர் ஆனா வாங்க வேண்டிய பணத்துல இருந்து 4 பில்லியன் போகுது, ரெண்டு கடனுக்கும் அரசாங்க உத்தரவாதம், அந்த உத்தரவாதத்துக்கு ஒப்புதல் கொடுத்த அமைச்சரவைக் கூட்டத்துல தலைமை நாற்காலில உக்காந்திருந்தவர் நஜிப். அவரே பிரதமர், அவரே நிதியமைச்சர், எஸ்ஆர்சிக்கு கௌரவ ஆலோசகரும் அவரே. 2012-ல கம்பெனி நேரடியா நிதியமைச்சகத்துக்கு கீழ வந்துடுது. கம்பெனி விதிகளைப் பாத்தா டைரக்டரை நியமிக்கவோ நீக்கவோ பிரதமரோட எழுத்துபூர்வ சம்மதம் வேணும்னு போட்டிருக்கு. இந்த ஒரு வரி பின்னாடி கோர்ட்ல என்ன வேலை செஞ்சுதுன்னு கீழ வரும்.

பணம் நகர்ந்த வழி ரொம்ப எளிமை, அதனாலதான் இந்தக் கேஸ் தப்பிச்சுது. எஸ்ஆர்சில இருந்து காண்டிங்கான் மெந்தாரின்னு ஒரு கம்பெனிக்கு, அங்க இருந்து இஹ்சான் பெர்டானான்னு சமூக நலப் பணிக்குன்னு வச்சிருந்த இன்னொரு கம்பெனிக்கு, அங்க இருந்து நஜிப்போட சொந்த வங்கிக் கணக்குக்கு. 2014 டிசம்பர் 26-ஆம் தேதி 27 மில்லியன் ஒரு கணக்குல, 5 மில்லியன் இன்னொண்ணுல, அப்புறம் 2015 பிப்ரவரி 10-ஆம் தேதி இன்னொரு 10 மில்லியன். மூணு கம்பெனி, மூணு தொகை, எல்லாமே ரிங்கிட், எல்லாமே நாட்டுக்குள்ள. 1எம்டிபி பணம் மாதிரி சுவிஸ், சிங்கப்பூர், கேமன், அபுதாபின்னு ஊர் சுத்தல, எந்த வெளிநாட்டு பேங்கும் லெட்டர் போட்டு பதில் சொல்லணும்னு காத்திருக்க வேண்டியதில்ல. கோலாலம்பூர்லயே ஃபைலைத் திறந்தா வவுச்சர் கையில வரும்.

இப்ப 2015-க்கு வருவோம், த்ரில்லர் மாதிரி இருக்கற பகுதி இதுதான். ஜூலை 2-ஆம் தேதி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நஜிப்போட சொந்தக் கணக்குக்கு கிட்டத்தட்ட 700 மில்லியன் டாலர் போயிருக்குன்னு எழுதுது. ஊர் பூரா இதை 2.6 பில்லியன் ரிங்கிட்னு பேசுச்சு. டாலர் உள்ள வந்தது 2013-ல, அன்னைய ரேட்டுக்கு அது 2.08 பில்லியன் ரிங்கிட்தான், 2015-ல ரிங்கிட் சரிஞ்சு போன ரேட்ல பெருக்கினதால 2.6 ஆயிடுச்சு. பத்திரிகைத் தலைப்புல நிக்கற எண்ணும் குற்றப்பத்திரிகைல நிக்கற எண்ணும் வேற வேறயா இருக்கறதுக்கு இது நல்ல உதாரணம். சரி, அந்த நேரத்துல அட்டர்னி ஜெனரல், ஊழல் தடுப்பு ஆணையம், போலீஸ், மத்திய வங்கி எல்லாம் சேர்ந்த ஒரு சிறப்புக் குழு ஏற்கனவே தோண்டிட்டு இருந்துச்சு, அவங்க கையில பட்டது எஸ்ஆர்சி கணக்கு.

ஜூலை 28, செவ்வாய்க்கிழமை. இந்த ஒரே நாள்ல நடந்ததைப் பாருங்க. அட்டர்னி ஜெனரல் அப்துல் கனி பட்டாய்ல் பதவில இருந்து எடுக்கப்படறார், காரணம் உடல்நிலைன்னு சொன்னாங்க. 1எம்டிபி பத்தி வெளிப்படையா கேள்வி கேட்ட துணைப் பிரதமர் முகைதீன் யாசின் பதவி காலி. 1எம்டிபியை விசாரிச்சுட்டு இருந்த நாடாளுமன்ற பொதுக் கணக்குக் குழுத் தலைவருக்கு துணை அமைச்சர் பதவி, அவர் அமைச்சரவைக்குப் போனதும் குழுவோட விசாரணை அப்படியே நின்னுடுச்சு. அதுக்கு முந்தின நாள்ல இருந்து தி எட்ஜ் பத்திரிகைக்கு மூணு மாச தடை. இதுல எங்கயும் ரத்தம் இல்ல, மிரட்டல் போன் இல்ல, இருட்டு சந்து இல்ல. எல்லாமே ஆணை, கடிதம், பதவி உயர்வு, மருத்துவக் காரணம். கொஞ்ச நாள்லயே ஊழல் தடுப்பு ஆணையத்துல ரெண்டு முக்கிய அதிகாரிகளை பிரதமர் துறைக்கு மாத்திட்டு, சத்தம் கிளம்பினதும் திரும்ப அனுப்பினாங்க. அதே ஜூலை 28 அன்னைக்கே போலீஸ் தலைமையகம் புக்கிட் அமான்ல ஒரு மாடில தீப்பிடிச்சுது, போலீஸ் இதுக்கும் 1எம்டிபிக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னாங்க, அதைப் பிடிச்சு ஆயிரம் கதை கட்டினாங்க. என்னைக் கேட்டா தீயைப் பத்தி பேசறவங்க எல்லாம் தப்பான இடத்தைப் பாக்கறாங்க, ஃபைலை எரிக்கவே தேவையில்ல, ஃபைல்ல கையெழுத்து போடற ஆளை மாத்தினா போதும்னு அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு சரவாக் ரிப்போர்ட்ங்கற இணையதளம் நஜிப் மேல போட இருந்த குற்றச்சாட்டோட வரைவுன்னு ஒரு காகிதத்தை வெளியிடுது. அதுல இருந்தது எஸ்ஆர்சி. அரசாங்கம் அதை மறுத்துச்சு, அந்தத் தளத்தை மலேசியால ஏற்கனவே முடக்கி வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் 2016 ஜனவரி 26, புது அட்டர்னி ஜெனரல் முகமது அபாண்டி அலி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, பெரிய தொகை சவுதி அரச குடும்பத்தோட நன்கொடை, அதுல 620 மில்லியன் டாலரைத் திருப்பியும் கொடுத்தாச்சு, எஸ்ஆர்சிலயும் குற்றம் எதுவும் இல்லன்னு அறிவிக்கறார். பேசும்போது கையில இருந்த ஆவணத்தைத் தூக்கிக் காட்டினார் பாருங்க, அதுல எஸ்ஆர்சி பணம் எந்தக் கம்பெனி வழியா எந்தக் கணக்குக்குப் போச்சுன்னு கட்டம் போட்டு அம்புக்குறி போட்ட வரைபடம் இருந்திருக்கு, போட்டோகிராஃபர் எல்லாம் ஜூம் பண்ணி எடுத்துட்டாங்க. கேஸ் முடிஞ்சுதுன்னு சொல்ல வந்த கூட்டத்துலயே கேஸோட முதல் பக்கம் வெளிய வந்துடுச்சு. இப்படி ஒரு காட்சியை யாராவது கதைல எழுதினா நம்ப மாட்டோம், ரொம்ப சௌகரியமா இருக்கேன்னு விட்டுடுவோம்.

அப்புறம் ரெண்டு வருஷம் மலேசியாவுக்குள்ள ஒண்ணும் நகரல, வெளில மட்டும் நகர்ந்துச்சு. சிங்கப்பூர் பிஎஸ்ஐ வங்கியை மூட வச்சுது, அமெரிக்கா 2016 ஜூலைல சொத்து பறிமுதல் வழக்கு போட்டு அதுல 'மலேசிய அதிகாரி 1'னு ஒருத்தரைப் பேர் சொல்லாம எழுதுச்சு.

2018 மே 9 தேர்தல்ல நஜிப்போட ஆளுங்கூட்டணி பாரிசான் நேஷனல் 61 வருஷத்துல முதல் தடவையா தோத்துது. மூணாவது நாள் நஜிப்பும் மனைவியும் நாட்டை விட்டுப் போகத் தடை. ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் புதுத் தலைவரா வந்த முகமது சுக்ரி அப்துல் மே 22-ஆம் தேதி பத்திரிகையாளர்கள் முன்னாடி கண்ணீரோட பேசினார், 2015-ல எஸ்ஆர்சி விசாரணைல இருந்தபோது வீட்டுக்கு துப்பாக்கி ரவை வந்ததையும், பயந்து அமெரிக்காவுக்குப் போனதையும் அவரே சொன்னார். அன்னைக்கே நஜிப் அவங்க ஆபீஸுக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தார், அது 1எம்டிபிக்கு இல்ல, எஸ்ஆர்சிக்கு. மூணு வருஷம் தூங்கின ஃபைலை தூசி தட்டி எடுத்தா அதுல பெருசா சேர்க்க வேண்டியதே இல்ல, பழைய வேலை அப்படியே இருந்துச்சு. ஜூலை 3 கைது, 4-ஆம் தேதி குற்றச்சாட்டு, ஆகஸ்ட்ல பணமோசடிக் குற்றச்சாட்டுகளும் சேர்ந்துச்சு.

மொத்தம் ஏழு குற்றச்சாட்டு. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009 பிரிவு 23-ல ஒண்ணு, அதாவது பதவியைப் பயன்படுத்தி தனக்கு லாபம் தேடினது. தண்டனைச் சட்டம் 409-ல மூணு, நம்பிக்கை மோசடி. பணமோசடித் தடுப்புச் சட்டத்துல மூணு. 409-னு பாத்ததும் நம்மூர் வக்கீல்களுக்குப் பழகின எண்ணா தெரியும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துலயும் அதே எண்தான் அதே குற்றம்தான், மலேசியச் சட்டமே வெள்ளைக்காரன் காலத்துல அதைப் பாத்து எழுதினதுதான்.

இங்க அரசு தரப்புக்கு இருந்த உண்மையான சிக்கல் பணத்தோட பாதை கிடையாது, அது பேங்க் பேப்பர்லயே இருக்கு. நஜிப் எஸ்ஆர்சில டைரக்டர் இல்ல, செக்ல கையெழுத்து போடறவர் இல்ல, அந்தப் பணம் அவர் பொறுப்புல இருந்ததுன்னு எப்படிச் சொல்றது? மலேசிய சட்டத்துல 402ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, பேருக்கு டைரக்டரா இல்லாட்டியும் யாரோட சொல்லைக் கேட்டு டைரக்டர்கள் நடக்கறாங்களோ அவரும் டைரக்டர்தான், நிழல் இயக்குநர்னு வச்சுக்கலாம். மேல சொன்ன கம்பெனி விதி இங்கதான் உக்காருது. ஒரு டைரக்டரை வைக்கவும் எடுக்கவும் உங்க சம்மதம் வேணும்னா அந்த டைரக்டர் யார் பேச்சைக் கேப்பான்? அதிகாரம் கையில இருக்கட்டும்னு எழுதி வச்ச விதியே பொறுப்பையும் கொண்டு வந்து தலைல வச்சுடுச்சு.

விசாரணை 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்துல நீதிபதி முகமது நஸ்லான் முகமது கசாலி முன்னாடி ஆரம்பிச்சுது. அரசு தரப்புல வி. சிதம்பரம் முன்னணில நின்னார், எதிர்த்தரப்புல ஷாஃபி அப்துல்லா. அரசு தரப்பு சாட்சிகள் மட்டும் 57 பேர், பெரும்பகுதி பேங்க் ஆளுங்க, கம்பெனி ஆளுங்க, கேவாப் ஆளுங்க. படிச்சா தூக்கம் வரும், ஆனா தேதி, தொகை, கையெழுத்துன்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டே போனாங்க. ஹோனலூலுல ஷனெல் கடைல கிரெடிட் கார்டு தேய்ச்சது எல்லாம் வந்துச்சு, பத்திரிகைங்க அதைத்தான் பெருசா போட்டாங்க, தீர்ப்புக்கு அதோட பங்கு கம்மி.

எதிர்த்தரப்பு வாதம்தான் இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது. கோர்ட்ல சதின்னு சொன்னது அரசு தரப்பு கிடையாது, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு! ஜோ லோ, எஸ்ஆர்சி சிஇஓ, பேங்க் ஊழியர் எல்லாரும் சேர்ந்து எனக்குத் தெரியாம என் கணக்கை ஆட்டி வச்சாங்க, நான் செக் எழுதினேனே தவிர கணக்குல எவ்வளவு இருக்குன்னு பாக்கவே இல்ல, வர்ற பணமெல்லாம் சவுதி மன்னர் கொடுத்த நன்கொடைன்னு நம்பினேன். இதுக்கு ஆதாரமா ஜோ லோவும் பேங்க் அதிகாரியும் பிளாக்பெர்ரில பேசிக்கிட்ட மெசேஜ்களைக் கொண்டு வந்தாங்க. அந்த மெசேஜ் ரெண்டு பக்கமும் வெட்டற கத்தி. அவருக்குத் தெரியாம நடந்துச்சுன்னும் படிக்கலாம், அவருக்காக நடந்துச்சுன்னும் படிக்கலாம்.

அதோட ஒரு அடிப்படைக் கேள்வி இருக்கு, எந்தத் திருடனாவது திருடின பணத்தைக் கொண்டு போய் ஏமாந்தவன் கணக்குல போடுவானா? இன்னொண்ணு, எஸ்ஆர்சியோட சிஇஓவுக்கே தன் சொந்தக் கணக்கைக் கவனிக்கற அதிகாரத்தை நஜிப் எழுதிக் கொடுத்திருந்தார். பணம் கிளம்பற கம்பெனிக்குத் தலைவரும் அந்த சிஇஓதான், பணம் வந்து சேர்ற கணக்கை மேற்பார்வை பாக்கறவரும் அவர்தான். ஒரு பிரதமர் தன் பேங்க் வேலைக்கு ஆள் தேடினா நாட்டுல வேற ஆளே இல்லையா என்ன.

நன்கொடைக் கதைக்கு நாலு கடிதம் காட்டினாங்க. நீதிபதி அதை ஏத்துக்கல. எழுதினவங்க யாரும் வந்து சாட்சி சொல்லல, பணம் நெஜமாவே அங்க இருந்துதான் வந்துச்சான்னு நஜிப் யார்கிட்டயும் கேட்டு உறுதி பண்ணிக்கல, அவ்வளவு பெரிய தொகை வாங்கினவர் சவுதி மன்னருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட எழுதின தடயம் இல்ல. எல்லாத்துக்கும் மேல நன்கொடைன்னு சொன்ன டாலர்ல பெரும்பகுதியை 2013-லயே திருப்பி அனுப்பியாச்சுன்னு இவங்களே சொன்னது, 2014 டிசம்பர்ல வந்ததோ உள்ளூர் கம்பெனில இருந்து ரிங்கிட்டா வந்த பணம். அரபு நாட்டு நன்கொடை எப்ப ரிங்கிட்ல வர ஆரம்பிச்சுது? தெரியாதுன்னு சொல்றதுக்கும் தெரிஞ்சுக்க வேணாம்னு கண்ணை மூடிக்கறதுக்கும் சட்டம் வித்தியாசம் பாக்கும், ரெண்டாவது பண்ணினா தெரிஞ்ச மாதிரிதான் எடுத்துக்கும்.

பணத்துல ஒரு பங்கு கட்சிக்கும் பொது உதவிக்கும்தான் போச்சுங்கற வாதமும் எடுபடல. அடுத்தவன் பணத்தை எடுத்து அன்னதானம் பண்ணினாலும் எடுத்தது எடுத்ததுதானே.

2020 ஜூலை 28 தீர்ப்பு, ஏழுலயும் குற்றவாளி. பதவி துஷ்பிரயோகத்துக்கு 12 வருஷம், 210 மில்லியன் ரிங்கிட் அபராதம், மத்த ஆறுக்கும் தலா 10 வருஷம், எல்லாம் ஒரே சமயத்துல ஓடும். தேதியைக் கவனிங்க, அட்டர்னி ஜெனரலை எடுத்த நாள்ல இருந்து சரியா அஞ்சு வருஷம். 2021 டிசம்பர் 8-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் மூணு நீதிபதியும் ஒருமனதா உறுதி பண்ணினாங்க.

கூட்டரசு நீதிமன்றத்துல, அதாவது நாட்டோட உச்ச நீதிமன்றத்துல நடந்தது தனி நாடகம். 2022 ஆகஸ்ட்ல விசாரணை ஆரம்பிக்கற நேரத்துல நஜிப் வக்கீல் டீமையே மாத்தறார், புது வக்கீல் வந்து படிக்க எங்களுக்கு மூணு நாலு மாசம் வேணும்னு கேக்கறார், கோர்ட் முடியாதுன்னுது. அடுத்து, உயர் நீதிமன்றத்துல தீர்ப்பு சொன்ன நீதிபதி நஸ்லான் ஒரு காலத்துல மேபேங்க்ங்கற வங்கில வேலை பாத்தவர், அதனால அவருக்கு இதுல சம்பந்தம் உண்டு, விசாரணையே செல்லாதுன்னு புது ஆதாரம் கொண்டு வர அனுமதி கேட்டாங்க, அதுவும் தள்ளுபடி. புது வக்கீல் நான் விலகிக்கறேன்னார், அனுமதி இல்லன்னாங்க, சரி நான் வாதமே பண்ணலன்னு உக்காந்துட்டார். கடைசி நாள் தலைமை நீதிபதி தெங்கு மைமூனே பெஞ்சுல இருந்து விலகணும்னு ஒரு மனு, அவர் கணவர் 2018-ல போட்ட பேஸ்புக் பதிவைக் காரணம் காட்டி. அதுவும் போச்சு. அஞ்சு நீதிபதிகளும் ஒருமனதா, இது நேரடியான எளிமையான ஊழல் கேஸ்னு சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளிட்டாங்க, அன்னைக்கு சாயந்திரமே காஜாங்.

வாதமே பண்ணாம உக்காந்தது நல்ல தந்திரமான்னு இன்னமும் வக்கீல்கள் சண்டை போடறாங்க. பின்னாடி மறுஆய்வு மனுல எனக்கு நியாயமான விசாரணை கிடைக்கலன்னு சொல்ல வழி வச்சுக்கிட்டாங்கன்னுதான் நான் நினைக்கறேன், அது பாதி பலிச்சுதுன்னுகூட சொல்லலாம். 2023 மார்ச் 31-ல மறுஆய்வு 4-க்கு 1னு தள்ளுபடி ஆச்சு, ஆனா அந்த ஒரு நீதிபதி, வக்கீலுக்கு நேரம் கொடுக்காதது அநியாயம்னு எழுதிட்டார். அந்த ஒரு மாறுபட்ட தீர்ப்பை நஜிப் ஆதரவாளர்கள் கொடி மாதிரி தூக்கிப் பிடிச்சாங்க. 2024 ஜனவரி 29-ஆம் தேதி கூடின மன்னிப்பு வாரியம் 12 வருஷத்தை 6 ஆக்குச்சு, 210 மில்லியனை 50 ஆக்குச்சு, பிப்ரவரி 2-ஆம் தேதி அறிவிப்பு வந்துச்சு. காரணம் சொல்லல, சொல்லணும்னு கட்டாயமும் இல்ல.

பெரிய கேஸ் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. 1எம்டிபி முதன்மை வழக்கு 2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, 25 குற்றச்சாட்டு, உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2025 டிசம்பர் 26 ஆயிடுச்சு. எல்லாத்துலயும் குற்றவாளி, 15 வருஷம், 11 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல அபராதம். அதாவது முதல் படிக்கட்டு ஏறவே ஆறு வருஷத்துக்கு மேல, அந்த நேரத்துல எஸ்ஆர்சி கேஸ் மூணு நீதிமன்றம், மறுஆய்வு, மன்னிப்பு வாரியம் எல்லாத்தையும் தாண்டி முடிஞ்சே போச்சு. பெருசை முதல்ல எடுத்திருந்தா 2022-ல அவர் வெளியதான் இருந்திருப்பார், அந்த வருஷக் கடைசில ஒரு தேர்தல் வேற வந்துச்சு, அவர் நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவரோட கட்சியான அம்னோ ஆளுங்களைத்தான் கேக்கணும்.

இவ்வளவு நடந்தும் எஸ்ஆர்சி விசாரணைல ரெண்டு நாற்காலி கடைசி வரைக்கும் காலியாவே இருந்துச்சு. ஒண்ணு ஜோ லோ, இன்னொண்ணு அந்த சிஇஓ, கம்பெனிப் பணம் கிளம்பினதையும் பிரதமர் கணக்குல சேர்ந்ததையும் ரெண்டு முனைலயும் பாத்த ஒரே ஆள். ரெண்டு பேரும் சாட்சிக் கூண்டுல ஏறல. அவங்க வராததாலதான் எதிர்த்தரப்பு எல்லாப் பழியையும் அவங்க மேல போட முடிஞ்சுது, அவங்க வராமலே பேங்க் பேப்பரை மட்டும் வச்சு அரசு தரப்பு கேஸை முடிச்சுது. ஆனா 27 மில்லியனை அனுப்புங்கன்னு முதல் வார்த்தை யார் வாய்ல இருந்து, எந்த அறைல, யார்கிட்ட சொல்லப்பட்டுச்சுங்கறது அத்தனை பக்கத் தீர்ப்புலயும் இல்ல.